‘ஆபரேட்டர் தவறு’ என்று நான் எழுதிய சீட்டு

புதுசாகச் சர்வீஸ் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் இப்போது சீட்டு எழுதுவதில்லை. கம்ப்யூட்டரிலேயே ஒரு பட்டியல் வருகிறது. கோளாறு என்ன, காரணம் என்ன என்று கேட்கிறது. காரணங்களில் முதலாவதாக ‘பயன்படுத்துபவர் தவறு’ என்று இருக்கிறது. அதைத் தட்டினால் வேலை முடிந்தது.

போன மாதம் உங்களில் ஒருவர் என் கண்ணெதிரே அதைத் தட்டினார். மிஷினை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"யாரு தம்பி தப்பு பண்ணாங்க?" என்றேன்.

"யாரும் இல்ல சார். சும்மா போடறதுதான்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை. அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை. அதே வார்த்தையை நானும் வருஷக்கணக்காகச் சும்மா போட்டவன்தான். ஒரு தடவை அது ஒருத்தர் தலையில் போய் விழுந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பெரம்பலூரில் டேப் ரெக்கார்டர், டிவி பழுது பார்த்தேன். எஸ்டிடி பூத்துகள் வந்தபோது அந்த மீட்டர்களைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் திருச்சியில் ஒரு கடையில் ஆறு மாதம் நின்று கற்றுக்கொண்டேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை. மாதச் சர்வீஸ் ஒப்பந்தம் அரியலூர் வரைக்கும் இருந்தது. பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு சீட்டு எழுதவேண்டும். அடியில் கார்பன் தாள். ஒரு பிரதி ஆபீசுக்கு, ஒரு பிரதி நமக்கு. அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நாங்கள் எல்லோரும் அதில் ‘ஆபரேட்டர் தவறு’ என்றே எழுதுவோம். மிஷின் கெட்டது என்று எழுதினால் விற்றவன் சண்டைக்கு வருவான். சர்வீஸ் சரியில்லை என்று எழுதினால் நம் ஒப்பந்தம் போகும். முதலாளி தவறு என்று எழுத எவனுக்கும் துணிச்சல் கிடையாது. மீதி இருப்பது ஆபரேட்டர். பெரும்பாலும் ஒரு பெண். சீட்டைப் படிப்பார், ஒன்றும் சொல்லாமல் ஃபைலில் வைப்பார். அதனால் அந்த வார்த்தைக்குக் கனமே இல்லை என்று நினைத்துக்கொண்டோம். சுமந்தவர்களைக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷ வாக்கில், அரியலூரில் ஒரு லாரி ஆபீஸ் என் பொறுப்பில் இருந்தது. சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுவது அவர்கள் தொழில். நாற்பது லாரி ஓடியது. ஃபேக்டரியின் உத்தரவெல்லாம் அப்போது மெயிலில் வர ஆரம்பித்திருந்தது. ஆபீசுக்கு ஒரே ஒரு மெயில் விலாசம். அதைப் பார்த்துக்கொண்டவர் அமுதா.

அமுதாவுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டு வேலைக்குப் போகமுடியாது. ஒரு பெண், பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. வீடு அமுதாவை நம்பி நின்றது.

அவர் வேலை முறை எனக்குப் பிடிக்கும். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை போன் லைனைப் போட்டு மெயிலை இறக்குவார். வந்தது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுப்பார். தபால் மாதிரியே தேதி முத்திரை குத்துவார். முதலாளி மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்குவார். மூன்று வருஷத்தில் ஒரு தாள் தவறியதில்லை.

அந்தச் சமயத்தில் முதலாளிக்கு ஒரு புது போன் வந்தது. லப்பைக்குடிகாட்டு நண்பர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி எழுத்துப் பொத்தான்கள் இருந்தன. மெயில் பார்க்கலாம். அரியலூரில் அந்த மாதிரி போனை அப்போது நான் பார்த்ததில்லை. முதலாளியும் அதைச் சட்டைப் பைக்குள் வைக்கவே இல்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"வாங்க மெக்கானிக்கு. கம்ப்யூட்டர்ல வர்றதெல்லாம் இதுல வரணும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். முடியுமா முடியாதா?"

"முடியுங்க."

"ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கப்படாது."

"இருக்காதுங்க."

போனில் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துப் போட்டேன். ஒரு இடத்தில் ஒரு கேள்வி கேட்டது. போனில் ஒரு மெயிலை அழித்தால், வெளியே இருக்கும் மெயில் பெட்டியிலும் அழிக்கவா என்று. ரெண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாரே. ஆமாம் என்று போட்டேன்.

அமுதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதுல வந்தா இதுலயும் வருமில்ல?"

"வரும்மா."

"அதுல எதாச்சும் பண்ணா இதுல இருக்கறது போயிடாதே?"

"அதெல்லாம் போவாது. நீங்க ஒங்க வேலயப் பாருங்க."

கேட்கவேண்டிய கேள்வியை அந்த அறையில் கேட்டவர் அவர் ஒருவர்தான். வாயை அடைத்தவன் நான். ‘இறக்கி வெச்சது போவாது, இறக்கறதுக்கு முன்னாடி சார் அழிச்சா போயிடும்’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போது அது தோன்றவில்லை. தோன்றாத விஷயத்தில் ‘போகாது’ என்று அடித்துச் சொன்னேன்.

இருபது நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை. காலையில் கடையைத் திறக்கும்போதே போன்.

"யோவ், ஒடனே வா."

நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் வாசலில் டிரைவர்கள் கூட்டமாக நின்றார்கள். ஃபேக்டரி கேட்டில் அத்தனை லாரியையும் நிறுத்திவிட்டார்கள். டிரைவர்களின் கேட் பாஸ் எல்லாம் புதுசாக எடுக்கவேண்டும், சனிக்கிழமைக்குள் காகிதங்களைக் கொடுக்கவேண்டும் என்று ஃபேக்டரி மெயில் அனுப்பியிருந்ததாம். மற்ற கான்ட்ராக்டர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். இந்த ஆபீசுக்கு மட்டும் விஷயமே தெரியாது. கல் ஏற்றிய வண்டிகள் வெயிலில் நின்றன. இவர்கள் லாரி ஓட்டவேண்டிய நடைகளை வேறு கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உள்ளே அமுதா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் நாற்காலி காலியாக இருந்தது.

"ஃபேக்டரில கேட்டாச்சு. புதன்கெழம அனுப்பிட்டேங்கிறான். அனுப்புனதக் காட்டறான். இங்க காணும். எங்க போச்சு? பாரு."

பார்த்தேன். கம்ப்யூட்டரில் இல்லை. அழித்தவை போகும் இடத்திலும் இல்லை. வெளியே மெயில் பெட்டியிலும் இல்லை. மற்ற மெயில்கள் வரிசையாக இருந்தன. இது ஒன்று மட்டும் இல்லை. மிஷினில் கோளாறும் இல்லை.

முதலாளி தலைக்கு மேல் நின்றார். வாசலில் டிரைவர்கள் கத்தினார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு பொருளை வாங்கிப் பார்த்திருக்கவேண்டும். அது முதலாளி கையில் இருந்தது. அந்தப் போனைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோபத்தில் இருக்கிற பெரிய மனுஷன் கையிலிருக்கும் சாமானை எப்படிக் கேட்பது? கூச்சம். பயம் என்றே சொல்லலாம்.

"மிஷின் நல்லா இருக்குங்க. யாரோ அழிச்சிருக்காங்க" என்றேன்.

"எழுதிக் குடு."

எழுதினேன். கோளாறு: மெயில் காணவில்லை. காரணம்: ஆபரேட்டர் தவறு. எப்போதும் எழுதுவதுதான். கை தானாகப் போனது.

முதலாளி சீட்டை வாங்கி வாசலுக்குப் போனார். டிரைவர்களிடம் தூக்கிக் காட்டினார்.

"படிச்சுப் பாருங்கய்யா. மெக்கானிக்கு எழுதிக் குடுத்திருக்கான். நம்ம ஆபீசுல ஒக்காந்துக்கிட்டே நமக்குக் குழி தோண்டிருக்கா. அடுத்த கான்ட்ராக்டருகிட்ட கைநீட்டாம இது நடக்குமா?"

கைநீட்டியதைப் பற்றி என் சீட்டில் எங்கே இருந்தது? அழித்தார் என்றுகூட இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் கைமாறிவிட்டால், அதில் என்ன இருக்கிறது என்பதை அதை வைத்திருப்பவன்தான் முடிவு செய்கிறான்.

அமுதா என்னிடம் வந்தார். அழவில்லை.

"அண்ணே, நான் அழிக்கலண்ணே."

"ஒங்களச் சொல்லலம்மா. அது எப்பவும் எழுதறதுதான்."

"எப்பவும் எழுதறதா?"

"ஆமாம்மா. வழக்கம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு டிரைவர்கள் நடுவே நடந்து போனார். ஒருவர்கூட வழி விலகவில்லை. தோளை ஒடுக்கிக்கொண்டு அவர்தான் நுழைந்து போனார்.

நான் பஸ் ஏறிவிட்டேன். வழக்கமான வேலைதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரம்பலூர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மாதம் போனது. மறுபடி அதே ஆபீசிலிருந்து போன். இந்தத் தடவை குரலில் சூடு இல்லை.

"மெக்கானிக்கு, நேரமிருந்தா இந்தப் பக்கம் வாங்களேன். மிஷின் என்னமோ மெயில முழுங்குது."

போனேன். அமுதா நாற்காலியில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருந்தார். முரளி என்று பெயர். காலேஜ் முடித்துவிட்டுச் சும்மா இருந்தவரைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். அவர் வந்த பிறகும் மூன்று மெயில் காணவில்லை. டீசல் கம்பெனி அனுப்பியது ஒன்று, ஃபேக்டரி அனுப்பியது இரண்டு.

"யாரோ அழிச்சிருப்பாங்களோ?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"சேச்சே. மச்சான் ஒக்காந்திருக்கான். யாரு அழிப்பா? மிஷின்தான்யா கோளாறு" என்றார் முதலாளி.

கேட்டுக்கொண்டீர்களா? அமுதா இருந்தபோது மெயில் காணாமல்போனால் அது துரோகம். மச்சினன் இருந்தபோது காணாமல்போனால் மிஷின் கோளாறு. அதே மேஜை, அதே மிஷின், அதே கோளாறு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் முதல் துரோகத்துக்குச் சீட்டு எழுதியவன் நான். யார்மேல் எரிவது?

அப்போது மணி ஒன்பதரை. முரளி இன்னும் லைனைப் போடவில்லை. முதலாளி எனக்கு டீ சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். கையில் போன் ‘டொய்ங்’ என்றது. எடுத்துப் பார்த்தார். சிரித்தார். கட்டைவிரலால் இரண்டு அழுத்து அழுத்தினார்.

"என்னாங்க செஞ்சீங்க இப்ப?"

"என்ன செஞ்சேன்? மெயில் வந்துச்சு. படிச்சேன். அழிச்சேன்."

"எதுக்குங்க அழிச்சீங்க?"

"படிச்சதுக்கப்பறம் என்னத்துக்கு அது? போன் ரொம்பிடுமில்ல. பழைய போன்ல இருவது மெசேஜ் சேந்தாலே அடச்சுக்கும். அதான் அப்பப்ப சுத்தமா வெச்சிக்கிறது."

பழைய போன்களில் மெசேஜ் நிறைந்தால் புதுசு வராது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, படித்ததும் அழிப்பது. முதலாளி சுத்தக்காரர். அதே பழக்கத்தைப் புது போனிலும் வைத்துக்கொண்டார். நான் போட்ட ஏற்பாட்டில், அவர் அங்கே அழித்தால் வெளியே பெட்டியிலும் அழியும். பத்து மணிக்கு ஆபீஸ் லைன் போட்டுப் பார்க்கும்போது பெட்டியில் அது இருக்காது. ஆபீசில் இறக்கிய பிறகு அவர் அழித்தவை கம்ப்யூட்டரில் தங்கிவிட்டன, அதனால்தான் எப்போதாவது ஒன்றிரண்டு மட்டும் காணாமல்போனது.

"முரளி, லைனப் போடுங்க" என்றேன். போட்டார். நாலு மெயில் இறங்கியது. சற்றுமுன் முதலாளி படித்துச் சிரித்தது அதில் இல்லை.

நம்பமாட்டார் என்று தெரியும். வெளியே போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, என் விலாசத்திலிருந்து ஆபீஸ் விலாசத்துக்கு இரண்டு மெயில் அனுப்பினேன். ஒன்றில் ‘ஒன்று’ என்று எழுதினேன், இன்னொன்றில் ‘இரண்டு’ என்று. திரும்பி வந்தேன். இரண்டும் போனில் வந்திருந்தன.

"ஒண்ணுங்கறத அழிங்க. ரெண்டுங்கறத விட்டுடுங்க."

அழித்தார். கொஞ்ச நேரம் பொறுத்து முரளியை லைன் போடச் சொன்னேன். ‘இரண்டு’ மட்டும் இறங்கியது.

முதலாளி திரையையே பார்த்தார். டீ ஆறிவிட்டது.

"அந்தப் புதன்கெழம ஃபேக்டரி மெயில் போன்ல வந்திருக்கும். கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க" என்றேன்.

போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"செட்டிகொளத்துல ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். மலையடிவாரத்துல நிக்கறப்ப ஒண்ணு வந்துச்சு. ஃபேக்டரிதான். கூட என்னமோ சேத்து அனுப்பிருந்தான், அது இதுல தொறக்கல. சரி, ஆபீசுல அமுதா பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கும்னு…"

"அழிச்சிட்டீங்க."

"அழிச்சிட்டேன்."

அமுதா எடுத்து வைத்திருப்பார் என்று நம்பித்தான் அழித்திருக்கிறார். அவ்வளவு நம்பிக்கை. அதே ஆளைத்தான் திங்கட்கிழமை டிரைவர்கள் நடுவே துரத்தினார்.

"தப்பு மொதல்ல என்னுதுங்க. அப்படி வெச்சது நான். ஒங்ககிட்ட சொல்லாததும் நான். அமுதாவக் கூப்பிட்டு டிரைவருங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க."

முதலாளி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அதச் சரி பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணிடறேன். அது ரெண்டு நிமிஷ வேல."

"அப்ப அத்தோட வுடுங்க. முடிஞ்சதக் கெளறி என்ன ஆவப்போவுது?"

"அவங்களுக்கு முடியலிங்க."

"யோவ், நாப்பது டிரைவருக்கு முன்னாடி நான்தான் அழிச்சேன்னு சொல்லணுமா? நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்? வேணும்னா அதுக்கு ரெண்டு மாசச் சம்பளம் குடுத்து வுடறேன். போயிக் குடுங்க."

நான் வாங்கவில்லை. போனில் அந்த ஏற்பாட்டை மாற்றினேன். அங்கே அழித்தாலும் பெட்டியில் இருக்கும்படி வைத்தேன். உண்மையில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தை முதல் நாளே செலவழிக்காததற்கு ஒரு குடும்பம் இரண்டு மாதம் கஷ்டப்பட்டிருந்தது.

ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன்.

அமுதா முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் இருந்தார். அரியலூரில் மூன்று ஆபீசில் வேலை கேட்டாராம். ‘அந்த லாரி ஆபீசுப் பொண்ணா’ என்று கேட்டே அனுப்பிவிட்டார்களாம். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன.

நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கண்ணே. இங்க கம்ப்யூட்டரு இல்லியே. யாரு தப்பு எழுத வந்தீங்க?"

பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன், காதுகுத்து, ஒன்று, இரண்டு. அவர் உடைப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் நாலைந்து கொட்டை உடைத்தார்.

"முடிஞ்சுதா?"

"என்ன மன்னிச்சுக்குங்கம்மா."

"நான் அழிக்கலன்னு எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமேண்ணே. எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்றீங்க. தெரியாதவங்கள்லாம் அரியலூர்ல நிக்கிறாங்க. அவங்ககிட்ட சொல்ல வாய் வரலியா?"

"மொதலாளி சொல்லமாட்டேங்கறாரு."

"எழுதிக் குடுத்தது மொதலாளியா?"

நான் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"எம் பொண்ணு ஸ்டாப்புல நிக்கிறப்ப ஒரு டிரைவரு கேட்டிருக்கான். ஒங்கம்மா எவ்ளோ வாங்குனான்னு. அத்தன பேரு முன்னாடி. அது இப்ப அந்த ஸ்டாப்புல ஏறமாட்டேங்குது. ரெண்டு மைலு நடந்து போயி அடுத்த ஊருல ஏறுது. நீங்க இங்க வந்து மன்னிச்சுக்கங்கறீங்க."

ஓரத்திலிருந்த ஒரு பெண் சொன்னார்: "அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுடி. மன்னிச்சு அனுப்பு, பாவம்."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அமுதா சிரிக்கவில்லை. நான் வந்துவிட்டேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. அவர் சொன்னது சரி. ஆனால் சீட்டில் எதை எழுதுவது? என் தவறை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம். முதலாளியை விட்டுவிடலாம். ஒப்பந்தமும் போகாது, மனசாட்சிக்கும் ஒரு கணக்குச் சொல்லிவிடலாம். எனக்கு அது ரொம்ப நியாயமாகக்கூடத் தோன்றியது. பிறகு யோசித்தேன். ‘மெக்கானிக் ஏதோ ஏற்பாட்டில் தப்பு பண்ணிட்டான்’ என்றால் டிரைவர்கள் என்ன கேட்பார்கள்? சரி, அப்புறம் அழித்தது யார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் மறுபடி அமுதாதான். பாதி உண்மை எழுதுவதும் பழைய சீட்டை இன்னொரு தடவை எழுதுவதும் ஒன்றுதான்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். டிரைவர்கள் நடைச் சீட்டு வாங்கும் ஜன்னலருகே கூடியிருந்தார்கள். நின்றுகொண்டே, ஒரு லாரியின் பக்கப் பலகையில் புத்தகத்தை வைத்து எழுதினேன். கார்பன் இரண்டு வைத்தேன்.

"அண்ணே, எல்லாரும் ஒரு நிமிஷம் இப்பிடி வாங்க."

"என்னா மெக்கானிக்கு, ஓட்டு கேக்க வந்தியா?"

படித்தேன். "கோளாறு: ஃபேக்டரியின் கேட் பாஸ் மெயில் ஆபீசுக்குக் கிடைக்கவில்லை. காரணம்: போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்படி சர்வீஸ்காரன் வைத்தது, அதை யாரிடமும் சொல்லாதது. முதலாளி தெரியாமல் போனில் அழித்தது. ஆபரேட்டர்மேல் தவறு இல்லை. முன்பு எழுதிய சீட்டு பொய்."

 ராசு என்று ஒரு டிரைவர். நாற்பது வயசு. அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப அந்தம்மா அழிக்கல?"

"அழிக்கல."

"நீதான்யா எழுதிக் குடுத்த. நான் என் கண்ணால படிச்சேன்."

"எழுதினேன். பாக்காம எழுதினேன்."

"த்தூ" என்றார் ராசு. என்னைப் பார்த்துத்தான். தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "அந்தப் புள்ளகிட்ட நான்ல கேட்டேன். ஸ்டாப்புல வெச்சு."

முதலாளி வெளியே வந்துவிட்டார். "யோவ் மெக்கானிக்கு, உள்ள வா."

"சொல்லவேண்டியத இங்கயே சொல்லிட்டேங்க" என்று அவர் பிரதியைக் கொடுத்தேன். படித்தார். கிழித்தார்.

"கார்பன் காப்பி இருக்குங்க."

யாரோ ஒரு டிரைவர் களுக்கென்று சிரித்தார். முதலாளி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தெரியாமல் அழித்துவிட்டேன் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டிரைவர்களே ‘விடுங்க மொதலாளி’ என்றிருப்பார்கள். சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்றுவரை சொல்லவில்லை. ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல முடியாத மனுஷன் நாற்பது வண்டி வைத்திருந்து என்ன பிரயோஜனம்?

என் ஒப்பந்தம் அன்றோடு போனது. அரியலூரில் இன்னும் இரண்டு ஆபீஸ்கள் என்னை நிறுத்திவிட்டன. பெரம்பலூரில் நம் தொழில் ஆட்களே என்னிடம் பேசவில்லை. "சர்வீஸ் தவறுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே எல்லா எடத்துலயும் அப்படி எழுதச் சொல்லுவான். தொழிலக் கெடுத்துட்டீங்களேண்ணே" என்றார் ஒருவர். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதமுடியாது.

ஒரு மாதம் கழித்து, அரியலூர்ச் சாலையில் எடைமேடை வைத்திருப்பவர் எனக்குப் போன் செய்தார். டிரைவர்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"அந்தப் பொண்ண வேலைக்கு எடுக்கலாம்னு இருக்கேன். நம்பலாமா?"

"நம்பலாங்க."

"நீங்கதான அப்ப வேற மாதிரி எழுதுனீங்க?"

"அதனால என்னைய வேணா எடுக்காதீங்க. அவங்கள எடுங்க."

எடுத்தார். அமுதா இன்றும் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறார். அங்கே மிஷின் கெட்டால் வேறு ஆளைத்தான் கூப்பிடுவார். என்னைக் கூப்பிட்டதில்லை. அது நியாயம். நானாகப் போய் நிற்கவும் இல்லை.

உங்களுக்கு ஒன்றுதான். இப்போது போனும் கம்ப்யூட்டரும் எங்கே இருந்தாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு இல்லை. ஆனால் ரெண்டையும் சேர்க்கும்போது, வருவது மட்டும் சேராது, அழிவதும் சேரும் என்று அதைப் பயன்படுத்தப்போகிறவர் காதில் விழும்படி சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிற யாராவது கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். பெரிய மனுஷன் கையில் இருந்தாலும் அந்தப் போனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பார்க்கும்வரை காரணக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டம் எவர் வேலையையும் பறித்ததில்லை.

ராசுவை அதற்கப்புறம் ஒரு தடவை பாடாலூரில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். அவராகவே சொன்னார்.

நான் சீட்டு படித்த அன்று சாயங்காலமே விசாரித்துக்கொண்டு, அமுதாவின் பெண் ஏறி இறங்குகிற அடுத்த ஊர் ஸ்டாப்புக்குப் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு இறங்கியதும் கிட்டே போய்க் குனிந்து, "பாப்பா, ஒங்கம்மா மேல தப்பு இல்ல. நான்தான் தெரியாம கேட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் நின்று கேட்டதாம். பிறகு சொன்னதாம்:

"அன்னிக்கு எங்க ஊரு ஸ்டாப்புல சத்தமா கேட்டீங்கல்ல. இத மட்டும் ஏன் இங்க வந்து மெதுவா சொல்றீங்க? நாளைக்குக் காலைல அங்க வரேன். அங்க சொல்லுங்க."

"போனியா?" என்று கேட்டேன்.

"போவாம? ஏழரை மணி பஸ்ஸு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, பால்காரங்க, முந்திரிக் கொட்டகைக்குப் போற பொம்பளைங்க, அம்புட்டுப் பேரும் நிக்கிறாங்க. சொன்னேன். அது கைய கட்டிக்கிட்டு நின்னு கேட்டுட்டு, ‘இன்னும் சத்தமா’ங்குது."

"சொன்னியா?"

"சொன்னேன்யா. கத்திச் சொன்னேன். அப்பறந்தான் பஸ்ஸுல ஏறுச்சு."